அப்பாவே போட்டுக்கிட்ட சட்டை

யேசு மரி சூசை துணை

தேவாரம்,
16.10.2005, ஞாயிறு.

அன்பு மகள் ஷெரினுக்கு, அம்மா ஆசீர்வாதத்தோட எழுதுறது. இங்கன நானும் அப்பாவும் மாதா கிருபையில ஏதோ நாளத் தள்ளிக்கிட்டு இருக்கோம். அங்கன நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கியான்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மூச்சு சீரா வரும், பதில் போடும்போது அத மொதல்ல எழுது, மத்ததெல்லாம் பெறகு எழுதிக்கலாம். ஐப்பசி பெறக்குறதுக்கு முன்னாடியே இங்க மழை பிடிச்சிருச்சு. கொடியில போட்ட துணி ரெண்டு நாளானாலும் நமுத்துப்போயே கெடக்கு, வீட்டுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் கயிறு கட்டி ஃபேன் போட்டு உணத்துறேன், வீடு பூரா ஈரத்துணி வாடை. போன வாரம் நீ போன்ல பேசுனப்ப நான் சரியா பதில் சொல்லலன்னு உனக்கு மனசு சங்கடமா இருந்திருக்கும். அப்பா பக்கத்துலயே உக்காந்திருந்தாக. அவுக காது கேக்க அவுகளப் பத்தி என்னன்னு பேசறது. இப்ப மத்தியானம் சாப்பிட்டு அசந்து தூங்குறாக, அதான் எழுத உக்காந்தேன், எழுத்து கோணலா இருந்தா பாத்துக்க, கண்ணாடி மாத்தணும், அதுக்கும் போக முடியல.

நீ என்ன சொன்ன, பீரோ நெறய துணி இருக்கு, ஆனா காலையில தொறந்தா போட ஒண்ணும் இல்லன்னு சொன்ன. ஒண்ண எடுத்து அது வேண்டாம்னு போட்டு, இன்னொண்ண எடுத்து, கட்டில் பூரா துணியாகி, கம்பெனி பஸ்ஸ விட்டுட்டு ஆட்டோவுல ஓடுறேன்னு சொன்ன. புதுசா ரெண்டு சுடிதார் எடுத்தா சரியாப் போயிரும்னும் சொன்ன. கூடத் தங்கியிருக்கிற பிள்ளைக சிரிக்குதுகன்னு ரெண்டு தடவ சொன்ன. இதுல சிரிக்க என்ன இருக்கு தாயி. காலையில கண்ணு முழிச்ச ஒடனே அதுவா இதுவான்னு முடிவு பண்ணச் சொன்னா யாருக்கும் சலிப்புத்தான் வரும். பூனாவுல இருக்கிற உனக்கு மட்டும் இல்ல, இங்கன நம்ம வீட்டுலயும் இந்த ஒரு வருசமா அதே பாடுதான், நான் உன்கிட்டச் சொல்லல.

அப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கிட்டு வருசம் ஒண்ணு ஆகப்போகுது. நீ லீவு போட்டு வந்தப்ப படுக்கையில கெடந்தாக, இப்பக் கம்ப ஊனி வீட்டுக்குள்ள நடக்குறாக. பேச்சுத்தான் இன்னும் திருந்தல, ஒரு வார்த்தைக்கு நாக்கோட மல்லுக்கட்டணும், அதனாலயே பேசறத விட்டுட்டாக. அத்தன வருசம் கண்டக்டர் வேலை பாத்த மனுசன், எந்திரிச்சா காக்கி, வீட்டுக்கு வந்தா கைலி, இன்னிக்கு என்ன போடலாம்னு அவுக யோசிச்சதே கெடையாது. ரிட்டயர்டான சூட்டுலயே வாதம் வந்து படுத்தாச்சு. அதுக்கப்புறம் கைலியும் பனியனுந்தான், ஆனா கைலியோட ஒரு ஆளு முன்னாடி வரமாட்டாக. யாராச்சும் பாக்க வந்தா சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாக. சரி சட்ட போட்டு விடுறேன்னு போனா, பட்டன் மாட்டுற என் கையத் தட்டி விடுவாக. பச்சப்பிள்ளைக்கு மாட்டி விடுற மாதிரி ஒருத்தி நெஞ்சுக்கு நேரா நின்னு மாட்டுறது அவுகளுக்குப் பொறுக்கல. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கு எட்டு மணி பஸ்ஸு. நான் ஒவ்வொரு சட்டையா எடுத்துக் காட்டுவேன், அவுக தலைய ஆட்டுவாக, கடைசியில பழைய கைலிதான். அப்புறம் நான் என் சேலையத் தேடுவேன், சேலை கெடச்சா ஜாக்கெட் கெடைக்காது, ஜாக்கெட் கெடச்சா கொக்கி இருக்காது, பஸ்ஸுப் போற சத்தம் மட்டும் தெருவுல கேக்கும்.

ஆகஸ்ட் மாசம் ஒரு நாள் பள்ளிக்கூடத்துல பிரேயர் நடந்துக்கிட்டு இருக்கு, நான் அஞ்சாப்பு வரிசைக்குப் பக்கத்துல நிக்கிறேன். சொர்ணலதா டீச்சர், எங்கூட நாலாப்பு எடுக்குறாகளே அவுக, பின்னாடி வந்து தோளத் தொட்டு, கொஞ்சம் உள்ள வாங்கன்னு ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாக. அங்க வெச்சுத்தான் சொன்னாக, நான் ஜாக்கெட்ட உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருக்கேன்னு. தையல் பிசிறெல்லாம் வெளிய தொங்குது, அதுவும் பச்சச் சேலைக்குக் காப்பிக்கலரு ஜாக்கெட். அவுக சிரிச்சிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். அவுக சிரிக்கல. நான் மாத்திப் போடுற வரைக்கும் கதவ மறிச்சு நின்னுக்கிட்டு, வீட்டுல ரொம்பச் செரமமா டீச்சர்னு மட்டும் கேட்டாக. சாக்பீஸ் பெட்டி மேல உக்காந்து அழுதுட்டேன் ஷெரின். ஜாக்கெட்டுக்காக அழல, உனக்கே தெரியும். வேலைய விட்டுருங்கம்மான்னு நீ சொல்லிக்கிட்டே இருக்கியே, அன்னிக்கு எழுதிக் குடுத்துருவோம்னே நெனச்சேன். ஆனா வேலைய விட்டு வீட்டுல இருந்தா, நாள் பூரா அவுக மொகத்த நானும் என் மொகத்த அவுகளும் பாத்துக்கிட்டு ரெண்டு பேரும் சீக்கிரம் போய்ச் சேந்துருவோம்னு பயமாவும் இருந்துச்சு.

அந்தச் சனிக்கிழமை பீரோவத் தொறந்து இருக்குற துணி அம்புட்டையும் உருவிக் கட்டில்ல போட்டேன். எனக்கு ஒரு வைராக்கியமும் இல்ல, சும்மா இனிமே காலையில யோசிக்க என்னால ஆகாது, அவ்வளவுதான். அப்பா எதிர்க்கட்டில்ல சாஞ்சு பாத்துக்கிட்டே இருந்தாக. போட்டுப் பாத்தப்பத்தான் தெரிஞ்சது, குமிஞ்சு கெடக்கே தவிர அதுல பாதிக்கு மேல கட்ட முடியாது. இந்தச் சேலைக்கு ஜாக்கெட் பத்தல, அதுக்குச் சேந்த உள்பாவாடை இல்ல, இன்னொண்ணுக்கு ஃபால்ஸ் பிரிஞ்சு தொங்குது, கிறிஸ்மஸுக்கு எடுத்ததுக்கு இன்னும் ஜாக்கெட்டே தைக்கல. கட்ட முடியாதது எல்லாம் கட்ட முடியுறதோட கலந்து கெடந்தா, கண்ணு மொதல்ல அதத்தான பாக்கும், கை அங்கதான போகும். நான் அதையெல்லாம் வேற மூட்டையாக் கட்டி மேல வெச்சேன். பிரிஞ்சத தச்சேன், எனக்குச் சேராதத சொர்ணலதா டீச்சர் தங்கச்சிக்குக் குடுத்தேன். மிஞ்சுனதுல ஒவ்வொரு சேலைக்குள்ளயும் அதோட ஜாக்கெட்ட, பாவாடைய, பின்னு முதக்கொண்டு வெச்சு மடிச்சு வரிசையா அடுக்கிட்டேன். காலையில மேல இருக்கிறத எடுக்க வேண்டியது, கட்ட வேண்டியது, தொவச்சு வந்தத அடியில சொருக வேண்டியது. இன்னிக்கு எது, நாளைக்கு எதுன்னு ஒரு கேள்வியே கெடையாது. போன திங்கக்கிழமை கட்டுனதத்தானே இந்தத் திங்கக்கிழமையும் கட்டியிருக்கீகன்னு யாரும் கேக்கல. கேட்டாலும் எனக்கு ஒண்ணும் இல்ல.

எனக்குச் செஞ்ச மாதிரியே அப்பாவுக்கும் செஞ்சுருவோம்னு தோணுச்சு. அவுக சட்டையெல்லாம் நல்ல சட்டைக, கல்யாண வீடுகள்ல வெச்சுக் குடுத்தது, நீ எடுத்து அனுப்புனது, அட்டப்பெட்டியக் கூடப் பிரிக்காம கெடந்துச்சு. டெய்லர் சுருளிவேல்கிட்டக் கொண்டுபோனேன். பட்டன் ஓட்டைய அடச்சு, உள்ள அமுக்குனா ஒட்டிக்கிற டிச் பட்டன் வெச்சு, பழைய பட்டன வெளிய சும்மா பாக்குறதுக்குத் தச்சுக் குடுங்கன்னு கேட்டேன். ஆளு சட்டையப் பொரட்டிப் பாத்துப்பிட்டு, செஞ்சிரலாம் டீச்சர்னாப்ல. வேட்டியையும் கைலி மாதிரி மூட்டி, இடுப்புல எலாஸ்டிக் ஓட்டித் தரச் சொன்னேன், உக்காந்த மேனிக்குக் கால விட்டு ஒரு கையால ஏத்திக்கலாமில்ல. சட்டைய வெளிய விட்டா ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாம் நல்லாத்தான் தச்சுக் குடுத்தாப்ல. வீட்டுக்குக் கொண்டாந்து அப்பா மடியில வெச்சேன். விரிச்சுப் பாத்தாக, எலாஸ்டிக்க எடது கையால இழுத்துப் பாத்தாக. அப்புறம் நாக்கு கொழற, “எனக்கென்ன பாவாடையா”ன்னு கேட்டாக. மாசக்கணக்குல அவுக எங்கிட்டப் பேசுன முழு வாக்கியம் அது ஒண்ணுதான். கம்பால அத்தனையையும் கீழ தள்ளி விட்டாக. எனக்குக் கோவம்கூட வரல, அவ்வளவு அசதி. பொறுக்கி எடுத்து, அவுக எடது கைக்கு எட்டுற ஒசரத்துல சுவத்துல ஆணி அடிச்சு, ஒரு ஆணிக்கு ஒரு சட்ட, அதோடயே வேட்டி, பனியன், கைக்குட்டன்னு மாட்டி விட்டுட்டுச் சமைக்கப் போயிட்டேன். அது பாட்டுக்குத் தொங்குச்சு. வாரக்கணக்கா அவுக அந்தப் பக்கமே திரும்பல. நானும் போட்டுக்கச் சொல்லல.

இப்பச் சொல்லப்போறத உக்காந்து படி. ஒச்சாண்டி மாமா போயிட்டாக. இந்த மாசம் ஆரம்பத்துல, ஒரு வியாழக்கிழமை வெள்ளெனயே, காப்பி குடிச்சிட்டு டம்ளரக் கீழ வெச்சவுக அப்பிடியே சாஞ்சுட்டாகளாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கவே நேரம் இல்ல. உனக்குப் போன்ல சொல்ல நாக்கு வரல. அப்பாவும் அவுகளும் மதுரை வண்டியில எத்தன வருசம் டிரைவரும் கண்டக்டருமா ஓடுனாகன்னு உனக்குத் தெரியும், உன்னையக் காலேஜுல கொண்டு விட்டதும் அந்த வண்டியிலதான். அப்பா படுத்த நாள்ல இருந்து மாமா வாரத்துக்கு ஒருக்கா வந்துருவாக. அப்பா சுவத்தப் பாத்துப் படுத்திருப்பாக, மாமா அப்பாவோட முதுகுக்குப் பின்னாடி ஸ்டூலப் போட்டு உக்காந்து ரோட்டுல எங்க பாலம் கட்டுறாக, எந்த டிரைவர் மாறிட்டாப்ல, உசிலம்பட்டியில எவ்வளவு நேரம் வண்டி நின்னுச்சுன்னு அவுக பாட்டுக்குப் பேசிட்டுப் போவாக. பதில் வராதுன்னு தெரிஞ்சே பேசுவாக. எனக்குத்தான் உள்ளுக்குள்ள கூசும். ஒரு தடவ கூட அப்பா திரும்பி அவுக மொகத்தப் பாக்கல.

மாமா மகன் காமராஜு பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணித்தான் எனக்குச் சேதி தெரியும். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டு மழையோட பஸ் ஏறுனேன். வழி பூரா இத அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னே யோசன. சொன்னா தாங்குவாகளா, மறுபடி ஒரு தடவ இழுத்துக்கிருமோ, சொல்லாம விட்டா அது நியாயமா, ஒண்ணும் பிடிபடல. வீட்டுக்கு வந்தா கதவு தொறந்து கெடக்கு. கட்டில்ல அப்பா இல்ல. கைலி தரையில கெடக்கு. கொல்லப்பக்கம் ஓடுனேன், கெணத்த எட்டிப் பாத்தேன், பக்கத்து மாயக்காள் வீட்டப் பாத்தேன், பூட்டியிருக்கு. திரும்ப உள்ள வந்தப்பத்தான் சுவரு கண்ணுல பட்டுச்சு. ஒரு ஆணி மட்டும் வெறுமையா இருந்துச்சு.

கொட்டுச் சத்தம் கேட்ட தெசையப் பாத்து ஓடுனேன், செருப்புப் போட்டேனா இல்லையான்னு நெனப்பில்ல. மாமா வீட்டு வாசல்ல சாமியானா போட்டு, டிப்போ ஆளுக எல்லாம் காக்கியோட நிக்கிறாக. மாமாவுக்குத் தலமாட்டுல பிளாஸ்டிக் சேர்ல அப்பா உக்காந்திருந்தாக. இளநீலச் சட்ட, வெள்ள வேட்டி, மடியில கம்பு. டிச் பட்டன்ல ஒண்ணு மட்டும் இடம் மாறி ஒட்டியிருந்துச்சு, அதனால காலரு ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. மாமா மொகத்தப் பாத்தது பாத்தபடி இருந்தாக. மாயக்காள் என்னையப் பாத்து எந்திரிச்சு வந்து கையப் பிடிச்சுக்கிருச்சு. மழைன்னு அன்னிக்கு அது ஏலத்தோட்டத்துக்குப் போகலையாம். சேதி தெரிஞ்சு சன்னல் வழியா அப்பாகிட்டச் சொல்லியிருக்கு. சரி டீச்சர் வரட்டும்னு தன் வீட்டுல போயி சேலைய மாத்திட்டு வந்து பாத்தா, அப்பா முழுசா உடுத்திக்கிட்டு நெலையப் பிடிச்சு வாசல்ல நிக்கிறாகளாம். யாரும் தொடல, யாரும் எடுத்துக் குடுக்கல. ஆட்டோ கூப்பிடச் சொல்லிக் கையால காட்டுனாகளாம். எடது முழங்கையில தோலு வழண்டு ரத்தம் காஞ்சிருந்துச்சு, எங்கயோ சாஞ்சு விழுந்துதான் எந்திரிச்சிருக்காக, அதையும் யாருகிட்டயும் சொல்லல.

நீர்மாலை எடுத்து, செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு, மாமாவப் பாடையில வெச்சாச்சு. பொம்பளைக அழுகை பெருசாச்சு. காமராஜும் இன்னும் நாலு பேரும் தூக்கக் குனிஞ்சாக. அப்ப அப்பா கம்ப ஊனி எந்திரிச்சாக. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம்னு தலைய ஆட்டிட்டு ரெண்டு எட்டு வெச்சு, பாடை மூங்கில எடது கையால தட்டுனாக, வண்டி மேல தட்டுவாகளே அந்த மாதிரி. தட்டிட்டு, ஒரு கொழறலும் இல்லாமச் சொன்னாக.

“ரைட், போலாம்.”

கொட்டடிச்சவங்க கூட நிறுத்திட்டாங்க ஷெரின். டிப்போ ஆளுக எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டாக. காமராஜு தூக்காம அப்பா நெஞ்சுல மொகத்த வெச்சு அழுதான், அப்பா அவன் முதுகத் தடவிக் குடுத்தாக. அப்புறந்தான் தூக்குனாக. தெரு முக்குத் திரும்புற வரைக்கும் அப்பா மழையில நின்னு பாத்தாக. நான் கொட பிடிச்சுக்கிட்டு நின்னேன். வீட்டுக்கு வந்து முழங்கைக்கு மருந்து வைக்கும்போது, எனக்காகக் காத்திருந்தா என்னன்னு கேக்க வாயெடுத்தேன், கேக்கல. அவுகதான் சிரமப்பட்டு, சட்ட சரியா இருந்துச்சான்னு எங்கிட்டக் கேட்டாக. சரியா இருந்துச்சுன்னு சொன்னேன். காலரு தூக்கிக்கிட்டு நின்னதச் சொல்லி என்ன ஆகப்போகுது.

அதோட எல்லாம் மாறிப்போச்சுன்னு நெனச்சுக்காத. மறுநாள் வேற ஒரு ஆணியில இருந்து சட்டைய எடுத்து அவுகளே போட்டுக்கிட்டாக, நான் அடுப்படியில இருந்து பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். சில நாள் போட்டுக்கிறாக, சில நாள் ஒண்ணுமே வேண்டாம்னு கெடக்குறாக. மாமா உக்காந்த ஸ்டூலப் பாத்தா அழுறாக, அத நான் எடுத்துப் பரண்ல போட்டுட்டேன், மறுநாள் எங்கன்னு கேட்டாக, திரும்ப எறக்கி வெச்சேன். ராத்திரி எனக்குத் தூக்கம் கொறவுதான், முட்டிவலி வேற. ஆனா இப்ப எட்டு மணி பஸ்ஸ விடுறதில்ல. வேலைய விடச் சொல்லி இனிமே நீ கேக்காத, முடியுற வரைக்கும் பாக்குறேன். சொர்ணலதா டீச்சரும் கூட இருக்காக.

நீ புதுசா ஒண்ணும் எடுக்காத. கடை எங்கயும் ஓடிப்போகாது. வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் உருவிக் கட்டில்ல போடு, பிள்ளைக சிரிச்சா சிரிக்கட்டும். இறுக்கமா இருக்கிறத, எப்பவாச்சும் மெலிஞ்சாப் போடலாம்னு வெச்சிருக்கிறத, பட்டன் போனத எல்லாம் கண்ணுக்குத் தெரியாத எடத்துல வை. கறுப்புப் பேண்டு ஒண்ணு, அந்தக் கருநீலப் பேண்டு ஒண்ணு எதுக்கும் சேரும், சொந்தக்காரங்க கண்ணு வெச்ச அந்த மஞ்ச டாப்பும் எதுக்கும் சேரும். இதுக்கு இது, அதுக்கு அதுன்னு துப்பட்டாவோட சேத்து மடிச்சு வெச்சுட்டு, காலையில மேல இருக்கிறத எடுத்துப் போட்டுட்டுக் கெளம்பு. ஆபீஸ்ல உன் வேலையப் பாப்பாக, நேத்து என்ன போட்டன்னு யாருக்கும் நெனப்பிருக்காது. மிச்சமாகுற நேரத்துல ஒரு தோசையாவது ஊத்திச் சாப்பிடு. வெறும் வயித்தோட போறன்னு உன் குரல்லயே தெரியுது.

மறக்காமக் காமராஜுக்குப் போன் பண்ணி ரெண்டு வார்த்தை பேசிரு, நம்ம வீட்டுப் பிள்ளை துக்கம் கேக்கலன்னு இருக்கக் கூடாது. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை இங்கயே கெடைக்குது, நீ அனுப்ப வேண்டாம். கிறிஸ்மஸுக்கு லீவு கெடைக்குமான்னு கேட்டு எழுது. மழையில நனையாத, ஈரத்தலையோட படுக்காத, ஜெபம் பண்ணாமத் தூங்காத. நீ போற எடமெல்லாம் மாதா உனக்கு முன்னாடி போகட்டும், அடைக்கல அன்னை உன்னையக் கண்ணுக்குள்ள வெச்சுக் காக்கட்டும்.

இத மடிக்கலாம்னு பாத்தேன், அப்பா முழிச்சிட்டாக. சாயங்காலம் கோயில்ல ஜெபமாலை இருக்கில்ல, தானும் வரணும்னு சொல்றாக. நான் கூப்பிடல, அவுகளாத்தான் சொல்றாக. படுத்ததுல இருந்து கோயில் வாசப்படி மிதிக்காத மனுசன். எனக்கு இன்னிக்கு அந்த மேட்டுல ஏற ஒடம்புல துளித் தெம்பு இல்ல, வெளிய மழை விட்ட பாடும் இல்ல. ஆனா எப்படி வேண்டாம்னு சொல்றது. அவுக கெளம்பி நிக்கிறாக, நான் இன்னும் தலைகூடச் சீவல. வீட்டுல கொட ஒண்ணுதான் இருக்கு, ரெண்டு பேரும் அதுக்குள்ளயே மெதுவாப் போயிக்கிருவோம்.

இப்படிக்கு,
என்னைக்கும் உன் நெனப்புல இருக்கும் அம்மா
பங்கிராஸ் ஜெயமேரி